முகத்துக்கு எத்தனை துளி? வீட்டில் செய்யும் பூச்செண்ணெயில் எசன்ஷியல் ஒயில் சேர்ப்பது பற்றி

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இணையத்தில் பார்த்த ஒரு முறைப்படி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 15 துளி தேசிக்காய் எண்ணெயும் 10 துளி கராம்பு எண்ணெயும் விட்டுக் கலக்கி வைத்திருக்கிறார். காலையும் இரவும் பூசினால் பருவும் கரும்புள்ளியும் போய்விடுமாம். பூசலாமா? வீட்டில் இருக்கும் எட்டு மாதக் குழந்தைக்கும் அதையே தடவலாமா? இந்த எசன்ஷியல் ஒயில்களை யாழ்ப்பாணத்தில் நம்பி வாங்குவது எப்படி? இவைதான் கேள்விகள்.

தங்கச்சி, பூச முன்னம் கேட்டீர்களே, அது பெரிய ஆறுதல். அந்தப் போத்தலை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். குழந்தைக்கு ஒரு துளியும் வேண்டாம். எடுத்து ஊற்றிவிடவும் வேண்டாம், அதை என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன். மருந்தாளராக 26 வருடம் துளியும் மில்லிகிராமும் அளந்தே எனக்குக் காலம் போனது. வீட்டில் எண்ணெய் காய்ச்சுவதை அம்மம்மாவிடம் பழகினேன். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் நின்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. எண்ணெய் என்றால் நமக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய். செக்கில் ஆட்டி எடுப்பது, கையில் எடுத்தால் பிசுபிசுப்பது, உள்ளங்கை நிறைய ஊற்றித் தலையில் வைப்பது. எசன்ஷியல் ஒயில் அந்த இனமே இல்லை. பூ, இலை, பட்டை, வேர் இவற்றில் இருக்கும் மணச்சத்தை நீராவியால் கிளப்பிக் குளிரவைத்துப் பிரித்தெடுப்பது அது. தேசிக்காய், தோடம்பழம் போன்றவற்றில் மட்டும் பெரும்பாலும் தோலை நசுக்கியே எடுப்பார்கள். அதில் கொழுப்பு இல்லை. ஒரு வெள்ளைக் கடதாசியில் ஒரு பக்கம் தேங்காய் எண்ணெய் ஒரு துளியும் மற்றப் பக்கம் லவெண்டர் ஒரு துளியும் விட்டு, நாளைக்குக் காலையில் எடுத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் விட்ட இடம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் வட்டமாக அப்படியே இருக்கும். லவெண்டர் விட்ட இடத்தில் மணம் கொஞ்சம் நிற்கும், கறை அநேகமாக இராது. இனி நான் இதை வாசனை எண்ணெய் என்றே எழுதுகிறேன்.

ஒரு துளியில் எவ்வளவு செடி அடங்கியிருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எலுமிச்சம்புல் ஒரு கிலோ பச்சையாக வெட்டி வடித்தால் 2 முதல் 5 மில்லிலீற்றர் எண்ணெய் கிடைக்கும். முற்றத்துப் புல்லில் ஒரு பிடி எடுத்துத் தேத்தண்ணியில் போடுவதும் அந்தப் போத்தலைத் திறந்து முகத்தில் விடுவதும் ஒன்றாகாது. "இயற்கைதானே, என்ன செய்யப்போகிறது" என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் தவற விடுகிறார்கள். பச்சை மிளகாயும் இயற்கைதான், அரைத்த கையால் கண்ணைத் தொட மாட்டோம்.

சரி, உங்கள் போத்தலைக் கணக்குப் பார்ப்போம். இரண்டு மேசைக்கரண்டி 30 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்று வைத்தால் 600 துளி. அதில் கராம்பு 10 துளி, அதாவது 1.7 வீதம். கராம்பு எண்ணெயில் முக்கால் பங்குக்கும் மேல் யூஜினோல் என்ற ஒரே பொருள். தோலில் பூசி வைக்கும் எண்ணெயில் கராம்பு எண்ணெய் 0.5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே வாசனை எண்ணெய்ப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் எல்லை. நீங்கள் மூன்று மடங்குக்கு மேல் போயிருக்கிறீர்கள். தேசிக்காய் 15 துளி, 2.5 வீதம். தோலை நசுக்கி எடுத்த தேசிக்காய் எண்ணெய்க்கு வெயிலில் போகும் தோலில் 0.7 வீதம்தான் எல்லை. அதிலும் மூன்று மடங்குக்கு மேல். அந்த முறையை எழுதியவர் 25 துளி என்றதைச் சின்னத் தொகையாக நினைத்திருப்பார். கரண்டியில் பார்த்தால் அது சின்னதுதான். வீதத்தில் எழுதிப் பார்த்தால்தான் அதன் அளவு விளங்கும்.

கராம்பு எண்ணெயைப் பற்றி எனக்குச் சின்ன வயசு ஞாபகம் ஒன்று இருக்கிறது. கடைவாய்ப் பல் குத்தி நான் அழுதபோது அம்மா பஞ்சை நெருப்புக் குச்சி நுனியில் சுற்றி, கராம்பு எண்ணெயில் தோய்த்துப் பல்லில் வைத்தார். நோ நின்றுவிட்டது. மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் பல்லுக்குப் பக்கத்து முரசில் ஒரு வெள்ளைத் திட்டு, தொட்டால் சுருக்கென்றது. பஞ்சு பட்ட இடம் வெந்திருந்தது. நோவை மரக்கச் செய்கிற அதே பொருள்தான் மெல்லிய சதையைச் சுடவும் செய்கிறது. கன்னத்துத் தோல் முரசு அளவுக்கு மெல்லியதில்லை என்றாலும், காலையும் இரவும் என்று மாதக்கணக்கில் பூசினால் அதுவும் தாங்காது.

கராம்பை விடக் கடுமையானது கறுவாப்பட்டை எண்ணெய். கறுவா நம் நாட்டுப் பொருள், கடையில் கெதியாகக் கிடைக்கும், மணமும் நல்லது. ஆனால் பட்டையில் எடுத்த எண்ணெயில் பாதிக்கு மேல் சின்னமால்டிஹைட். அதன் எல்லை 0.07 வீதம். 100 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு ஒன்றரைத் துளி கூட வராது. வீட்டில் அந்த அளவை நுணுக்கமாக அளக்க முடியாது, ஆகவே முகத்துக்கும் உடம்புக்கும் அதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். கறுவா இலை எண்ணெய் வேறு, அதில் யூஜினோல்தான் கூட, அதைக் கராம்பு மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள். போத்தலில் வெறுமனே "கறுவா எண்ணெய்" என்று இருந்தால் பட்டையா இலையா என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம்.

இனித் தேசிக்காய். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்து வெயிலில் இதுதான் அதிக முகங்களைக் கெடுக்கக்கூடியது.

பல வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம், காண்டாவன வெயிலில் முற்றத்தில் பாய் விரித்து ஊறுகாய்க்குத் தேசிக்காய் வெட்டினேன். நூறு காய்க்கு மேல் இருக்கும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி உச்சி வெயில் வரை. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சிவந்து எரிந்தது. மூன்றாம் நாள் கொப்புளம். சாறு வழிந்த பாதை எல்லாம் மணிக்கட்டு வரை கோடு கோடாகத் தெரிந்தது. கொப்புளம் ஆறிய பிறகு அந்தக் கோடுகள் கபில நிறமாக மாறி ஆவணி தாண்டியும் போகவில்லை. கையைச் சுடுநீரில் சுட்டுவிட்டேனா என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

தேசிக்காய்த் தோலில் ஃபியூரோகூமரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் ஏறியிருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடம் உள்ளே சுடுபடும். வெயிலும் தேசிக்காயும் சேர்ந்தால்தான் இது நடக்கும், தனித்தனியே நடக்காது. அதனால்தான் இரவில் வெட்டினால் ஒன்றும் வராது. அதே பொருட்கள்தான் தோலை நசுக்கி எடுத்த தேசிக்காய் எண்ணெயிலும், லெமன், பேகமொட் (தேசிக்காய்க் குடும்பத்து இன்னொரு பழம்) எண்ணெய்களிலும் இருக்கின்றன. நீராவியில் வடித்த தேசிக்காய் எண்ணெயில் இந்தப் பிரச்சினை இல்லை, இனிப்புத் தோடம்பழ எண்ணெயிலும் இல்லை. ஆனால் சின்னப் போத்தலில் எப்படி எடுத்தது என்று எழுதியிருப்பது அபூர்வம். எழுதாவிட்டால் நசுக்கி எடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். பூசிய பிறகு 12 மணித்தியாலத்துக்காவது அந்தத் தோல் வெயிலில் போகக்கூடாது. கரும்புள்ளி போக என்று பூசிவிட்டுக் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனால் புதிதாகக் கறுப்புத்தான் வரும். முகத்தில் தேசிக்காய்ப் புளியை நேரடியாகத் தேய்ப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

நிறம் வெளுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. எந்த வாசனை எண்ணெயும் தோலை வெள்ளையாக்காது. அப்படிச் சொல்லி விற்கும் கிறீம்களில் இரசம், அதாவது பாதரசம், கலந்தவை உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கின்றன. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் பிள்ளைகளுக்கு அவர்களின் நிறம் வடிவானது, இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

பூசியவுடன் வரும் சூடு, எரிவு இவை உடனே தெரிந்துவிடும், துடைத்துக் கழுவினால் போகும். அதைவிட எனக்குக் கவலை ஒவ்வாமையைப் பற்றித்தான். அது வேறு மாதிரி நடக்கும். முதல் வாரம் ஒன்றும் இராது, இரண்டாம் மாதமும் இராது. பிறகு ஒருநாள் அதே எண்ணெய், அதே அளவு, ஆனால் கண்ணிமை வீங்கி, கழுத்து வரை கடியும் தடிப்பும். உடம்பின் எதிர்ப்பு முறை அந்தப் பொருளை எதிரியாக எழுதி வைத்துக்கொண்டுவிட்டது. எழுதினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அழியாது. பிறகு அந்த மணம் உள்ள சவர்க்காரம், ஷாம்பு, பவுடர் எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டி வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இப்படி ஒவ்வாமை தரக்கூடிய 26 மணப்பொருட்களின் பட்டியலைப் போட்டது. பூசிவிட்டு விடும் பொருளில் 0.001 வீதத்தைத் தாண்டினாலே பெயரைப் போத்தலில் எழுத வேண்டும். 2023இல் அந்தப் பட்டியல் 80 அளவுக்கு நீண்டது. யூஜினோல், லிமோனீன், லினலூல், சிட்ரால், ஜெரானியோல் எல்லாம் அதில் இருக்கின்றன, இவை அனைத்தும் நாம் விரும்பி வாங்கும் வாசனை எண்ணெய்களின் உள்ளிருப்பவைதான்.

இதில் நம் ஊர்ச் சூட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. லவெண்டரில் இருக்கும் லினலூல், தோடம்பழத்தில் இருக்கும் லிமோனீன் இரண்டும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொல்லை தருவதில்லை. காற்றுப் பட்டுப் பழுதாகும்போது உண்டாகும் ஹைட்ரோபெரொக்சைட்டுகள்தான் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. சுவீடனில் கோத்தன்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஆன்-தெரேஸ் கார்ல்பேர்க்கும் அவருடன் வேலை செய்தவர்களும் பல வருடமாக ஆராய்ந்து காட்டிய விஷயம் இது. சுவீடனின் குளிரிலேயே அப்படி என்றால், ஓட்டுக்குக் கீழே, அடுப்படித் தட்டில், மூடி தளர்ந்த போத்தலில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். என் வீட்டில் ஒரு லவெண்டர் போத்தல் அப்படிக் கெட்டது. முதலில் மணம் மெலிந்து மெழுகு வாடை வந்தது, பிறகு மூடியின் புரியில் பிசின் மாதிரி ஒட்டியது. அதற்குப் பிறகு எந்தப் போத்தலை வாங்கினாலும் திறந்த திகதியை ஒரு பிளாஸ்டரில் எழுதி ஒட்டிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில்தான் வைக்கிறேன். தேசிக்காய், தோடம்பழம், ரீ ட்ரீ (இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) போன்றவை திறந்து ஒரு வருடத்துக்கு மேல் தோலுக்கு வேண்டாம். சின்னப் போத்தலாக வாங்கினால் காலியிடத்தில் காற்று நிற்பதும் குறையும். பிளாஸ்ரிக்கில் ஊற்றி வைக்காதீர்கள், சில வாசனை எண்ணெய்கள் பிளாஸ்ரிக்கையே இளக்கிவிடும். கறுத்த கண்ணாடிப் போத்தல்தான் சரி.

லவெண்டரை மட்டும் எதுவும் கலக்காமல் அப்படியே பூசலாம் என்று ஒரு பேச்சு உண்டு. 1910இல் ஆய்வுகூட வெடிப்பில் கை வெந்த பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மொரிஸ் கத்தஃபோஸே லவெண்டரால் தேறினார் என்ற கதையில் இருந்துதான் அது பரவியது. அவர்தான் 1937இல் அரோமாதெரபி என்ற பெயரைத் தந்தவர். அவர் காயம் அழுகத் தொடங்கிய பிறகு லவெண்டரைப் பாவித்தார், அந்தக் காலத்தில் அன்ரிபயோற்றிக் கிடையாது. அதை வைத்து நாம் தினமும் வெறும் லவெண்டரை முகத்தில் தேய்க்க ஒரு நியாயமும் இல்லை.

இனி அளவு. முகத்துக்கு 0.5 வீதம், அதாவது 30 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு எல்லா வாசனை எண்ணெயும் சேர்த்து 3 துளி. பழகிய பிறகு 6 துளி வரை போகலாம், அது 1 வீதம். உடம்புக்கு 100 மில்லிலீற்றருக்கு 20 துளி போதும். எல்லாவற்றிலும் துளி ஒரே பருமன் இல்லை என்பதைக் கவனியுங்கள். வெட்டிவேர் எண்ணெய் பாகு மாதிரிக் கெட்டியாக விழும், தோடம்பழ எண்ணெய் சிறு துளியாக ஓடிவிடும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்கி, உங்கள் போத்தலின் துளி எத்தனை விழுந்தால் 1 மில்லிலீற்றர் நிறைகிறது என்று ஒரே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சிலதில் 20, சிலதில் 30ஐத் தாண்டும். அந்த எண்ணைப் போத்தலில் எழுதிவைத்தால் பிறகு கணக்குப் பிழைக்காது. அளவு குறைந்துவிட்டதே, மணமே இல்லையே என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்கும் மூக்குக்கும் பக்கத்தில் பூசும் எண்ணெய்க்கு மெல்லிய மணம்தான் நல்லது.

பருவுக்குக் கேட்டீர்கள், எனவே ரீ ட்ரீ பற்றி. பெயரைப் பார்த்து நுவரெலியாத் தேயிலை எண்ணெய் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தேயிலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவுஸ்திரேலியாவில் வளரும் மெலலூக்கா என்ற மரத்தின் இலையில் எடுப்பது. வாசனை எண்ணெய்களில் பருவுக்கு உருப்படியான சான்று உள்ளது இதற்குத்தான். 1990இல் அவுஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 வீத ரீ ட்ரீ ஜெல்லையும் 5 வீத பென்சோயில் பெரொக்சைட் என்ற பரு மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டாலும் பரு குறைந்தது. ரீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, எரிவு மற்றதை விடக் குறைவு. இதில் பார்க்க வேண்டியது, அது முகம் முழுக்கத் தேய்த்த வெறும் எண்ணெய் இல்லை, அளந்து செய்த ஜெல். வீட்டில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 2 துளி விட்டால் 2 வீதம் வரும். அதைப் பருவின் தலையில் மட்டும் பஞ்சு முனையால் தொட்டு வைக்கலாம், முகம் முழுக்க வேண்டாம். பரு உள்ளவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் பலருக்குத் துளைகளை அடைக்கும், அதையும் சொல்லாமல் இருக்க முடியாது. தேங்காய் எண்ணெய் வரண்ட கைகாலுக்கு அருமையானது, பரு முகத்துக்கு ஏற்றது அல்ல. பரு பெரிதாகி, குழி விழுந்து வடு வரும் நிலை என்றால் எண்ணெய்களில் மாதங்களைச் செலவழிக்காமல் தோல் வைத்தியரிடம் போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது. இளம் வயசில் வரும் குழி பிறகு போகாது.

கற்றாளைச் சோறு, பன்னீர், தேன் என்று தண்ணீர்ப் பங்கு உள்ளவற்றைக் கலந்து கிறீம் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணீர் சேர்ந்த எதுவும் நம் சூட்டில் நாலைந்து நாளில் கிருமி வளர்க்கும் பாத்திரமாகிவிடும், பல நேரம் கண்ணுக்குத் தெரியாது, மணமும் மாறியிராது. வாசனை எண்ணெய் கிருமியைக் கொல்லும், எனவே கெடாது என்று சொல்வார்கள். தோல் தாங்கும் அளவில் விட்டால் அது கிறீமைக் காக்காது, கிறீமைக் காக்கும் அளவில் விட்டால் தோல் தாங்காது. வைற்றமின் ஈ குளிகையை உடைத்து ஊற்றுவதும் எண்ணெய் காறாமல் இருக்கத்தான் உதவும், கிருமிக்கு அது ஒன்றும் செய்யாது. கற்றாளை வேண்டும் என்றால் மடலை வெட்டி மஞ்சள் பால் வடியவிட்டு, அன்றைக்குப் பூசுவதை அன்றைக்கே எடுங்கள். பயற்றம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் அப்படித்தான், உலர்ந்த மாவாக வைத்திருந்து பூசும்போது மட்டும் குழைக்க வேண்டும். போத்தலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க எண்ணும் பொருளில் ஒரு துளி தண்ணீரும் இருக்கக்கூடாது.

குளிக்கும் வாளியில் வாசனை எண்ணெய் விடுபவர்களும் இருக்கிறார்கள். அது கரையாது, மேலே மிதந்து முதல் கோப்பையோடு கலக்காமல் அப்படியே தோலில் வந்து ஒட்டும். சவர்க்காரம் காய்ச்சுபவர்களுக்குக் கராம்பு பற்றி இன்னொன்று: கலவையில் அதை விட்டால் நிமிடங்களில் இறுகி அச்சில் ஊற்ற முடியாமல் போகும்.

குழந்தை விஷயத்தில் நான் இளகப்போவதில்லை. இரண்டு வயதுக்குள் எந்த வாசனை எண்ணெயும் வேண்டாம். நம் வீடுகளில் சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பது பழக்கம். பாட்டிமார் அன்பில் செய்வது, எனக்கும் செய்தார்கள். ஆனால் கற்பூரம் குழந்தையின் மெல்லிய தோலால் உள்ளே போய் வலிப்பை உண்டாக்கக்கூடியது. யூக்கலிப்டஸ், மென்தோல் இவற்றைக் குழந்தையின் மூக்கருகில் பூசினால் மூச்சுத் திணறும் அபாயம் உண்டு. குழந்தைக்கு வெறும் தேங்காய் எண்ணெய் போதும். இன்னுமொன்று, போத்தல்களை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ஒரு தேக்கரண்டி யூக்கலிப்டஸ் எண்ணெய் ஒரு சின்னப் பிள்ளையை ஆபத்தில் தள்ளப் போதும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போவது இன்னும் மோசம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், போத்தலையும் வைத்தியசாலைக்குக் கையோடு கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் முதல் மூன்று மாதமும் வாசனை எண்ணெய் இல்லாமலே இருப்பது நல்லது, ஆஸ்துமா உள்ளவர்கள் மணத்தை முதலில் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

வாங்குவது பற்றி. செடியின் இலத்தீன் பெயர், எந்தப் பாகம், எப்படி எடுத்தது, எந்த நாடு, கறுத்த போத்தல். இவை இருந்தால் விற்பவருக்குத் தன் பொருளைத் தெரியும் என்று நம்பலாம். விலை இன்னொரு சாட்சி. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேல் இதழ் வேண்டும், ஆகவே 10 மில்லிலீற்றர் ரோஜா எண்ணெய் சில நூறு ரூபாவுக்குக் கிடைத்தால் அது ரோஜா இல்லை, செயற்கை மணம். மல்லிகையை நீராவியில் வடிக்க முடியாது, கரைப்பானில்தான் எடுப்பார்கள், அதுவும் மிக விலை. மலிவு மல்லிகை எண்ணெய் விளக்கருகில் வைக்க உதவலாம், முகத்துக்கு ஆகாது. எல்லா எண்ணெயும் ஒரே விலையில் வரிசையாக அடுக்கியிருக்கும் கடையிலும் தோலுக்கு வாங்க வேண்டாம். முன்பு சொன்ன கடதாசிச் சோதனை, மலிவான எண்ணெய் கலந்த கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும். வெட்டிவேர், சந்தனம் போன்ற கெட்டியானவை தாமாகவே இலேசான கறை விடும்.

நானே என்ன செய்கிறேன் என்று கேட்டால், வாசனை எண்ணெயைக் கடைசியில், பெயருக்குத்தான் சேர்க்கிறேன். வேலை முழுவதையும் காய்ச்சிய எண்ணெய் செய்கிறது. அரை லீற்றர் நல்லெண்ணெய், செவ்வரத்தம்பூ ஒரு பிடி, கையாந்தகரை இடித்துப் பிழிந்த சாறு ஒரு கோப்பை, நறுக்கிய வெட்டிவேர் ஒரு சின்னப் பிடி. அடிகனமான சட்டியில், மிக மெல்லிய நெருப்பில். முதலில் சாறு சடசடவென்று பொரியும், அடியில் சேறு மாதிரிக் கட்டும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும்போது சத்தம் மெல்ல அடங்கும். அந்தச் சக்கையில் கொஞ்சம் எடுத்து இரு விரலால் உருட்டிப் பார்ப்பேன். மெழுகு மாதிரி உருண்டால் மெழுகு பதம், இன்னும் கொஞ்சம் போய் மணல் மாதிரி உதிர்ந்தால் மணல் பதம். போத்தலில் வைக்கும் எண்ணெய்க்கு நான் மணல் பதம் வரை விடுகிறேன். உருட்டிய சக்கையை விளக்குச் சுடரில் காட்டினால் பொரியாமல் எரிய வேண்டும், பொரிந்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது, பூசணம் பிடிக்கும். வெள்ளைத் துணியில் வடித்து, சட்டியை அடியில் தொட்டால் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் லவெண்டர். 100 மில்லிலீற்றருக்கு 10 துளி. சூட்டில் விட்டால் அது வீட்டுக்குத்தான் மணக்கும், எண்ணெயில் நிற்காது.

எதைச் செய்தாலும், பூசப்போகும் அதே கலவையை முழங்கை மடிப்பில் ஒரு ரூபா நாணயம் அளவுக்குக் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒருநாள் பார்த்துவிட்டுச் சரி என்று விடாதீர்கள், ஒவ்வாமை தாமதமாக வரும் என்றேனே. கடித்தாலோ சிவந்தாலோ உடனே நிறுத்துங்கள். முகத்தில் எரிந்தால் தண்ணீரால் மட்டும் கழுவக் கூடாது, முதலில் வெறும் தேங்காய் எண்ணெயால் துடைத்தெடுத்து, பிறகு மென்மையான சவர்க்காரம். தண்ணீர் தனியே அதைப் பிடித்து எடுக்காது.

இனி உங்கள் 30 மில்லிலீற்றர். அதில் 270 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய் சேருங்கள், மொத்தம் 300. கராம்பு 0.17 வீதத்துக்கும் தேசிக்காய் 0.25 வீதத்துக்கும் இறங்கும், இரண்டும் எல்லைக்குள். முழங்கைச் சோதனை ஒரு வாரம் பார்த்துச் சரி என்றால், கைகாலுக்கு மட்டும், பொழுது பட்ட பிறகு, முழுக முன் தடவுங்கள். போத்தலில் இன்றைய திகதியையும் "முகத்துக்கு இல்லை, பிள்ளைக்கு இல்லை" என்பதையும் எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள்.